பேரை மட்டும் சொல்லாமல்

இந்த மூட்டை உங்களுதாம்மா? சேலையா? இருக்கட்டும், இருக்கட்டும், நான் காலை இப்படி ஒடுக்கிக்கறேன். ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேணாம். வெளிய நிக்கிறவங்க என் முகத்தைப் பாக்கிற மாதிரி உக்காரவே இப்போ பயமா இருக்கு.

இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. காலைலேர்ந்து சாப்பிடல, அதான்.

எங்க போறேன்னு கேக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அதை மட்டும் சொல்ல மாட்டேன். டிக்கெட் கம்பம் வரைக்கும் எடுத்திருக்கேன், ஆனா அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன். யாராவது கண்டக்டர்கிட்ட விசாரிச்சா அவர் கம்பம்னுதானே சொல்லுவாரு? ஒரு முன்ஜாக்கிரதைதான். எங்க ஆபீஸ்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. என் வாயிலேர்ந்து ஒரு சொல்லு வெளிய போகாது. நான் பாக்கிற வேலையே அப்படிப்பட்ட வேலை.

என்ன வேலைன்னா... உங்க போன் நம்பரை எத்தனை இடத்துல கொடுத்திருப்பீங்க? துணிக்கடை, மருந்துக்கடை, கேஸ் ஆபீஸ், ஆஸ்பத்திரி. எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கறாங்க. அங்கேர்ந்து திருட்டுப் போகுதும்மா. ஒண்ணு ரெண்டு இல்ல, இந்த மாதிரி மூட்டை மூட்டையாப் போகுது. போனது சந்தைக்கும் வருது, அதுக்குன்னு இன்டர்நெட்ல ஒரு திருட்டுச் சந்தை இருக்கு. நாங்க அந்த மூட்டையைப் பிரிச்சு, யாரோட விவரம் வெளிய போயிருக்குன்னு அலசிப் பாத்து, சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்றோம். உங்க வீட்டுப் பூட்டு உடைஞ்சிருக்கு, மாத்துங்கன்னு. நல்ல வேலைதான். புண்ணியமான வேலைன்னே நினைச்சிட்டிருந்தேன்.

அதுக்கு எங்ககிட்ட ஒண்ணு இருக்கு, கசிவலசின்னு பேரு, கசிஞ்சு போனதை அலசறது. அதை எப்படிச் சொல்றது... உங்க வீட்டுல மிக்சி இருக்குல்ல? மோட்டார் ஒண்ணுதான். மேல மாட்டுற ஜார் வேற வேற. சட்னிக்கு ஒண்ணு, மசாலாவுக்கு ஒண்ணு, சாறு பிழியறதுக்கு ஒண்ணு. கசிவலசியும் அதே மாதிரிதான். போன் நம்பரைப் பிரிக்கறதுக்கு ஒரு ஜார், விலாசத்தைப் பிரிக்கறதுக்கு ஒரு ஜார். ஆபீஸ்ல மாட்யூல்னு சொல்லுவோம், உங்களுக்கு ஜார்னே சொல்றேன். எங்கெங்கயோ இருக்கிறவங்க எல்லாம் புதுசு புதுசா ஜார் பண்ணி அனுப்புவாங்க. எது நம்ம மோட்டார்ல பொருந்தும், எது மூடி பிச்சுக்கிட்டு சுவரெல்லாம் தெறிக்கும்னு பாத்துச் சேக்கறது என் பொறுப்பு. வேணுங்கிற கம்பெனிங்க மோட்டாரையும் ஜாரையும் எங்ககிட்டேர்ந்து இறக்கிக்கிட்டு அவங்க இடத்துல ஓட்டிக்குவாங்க.

அம்மா, மெதுவாத் திரும்பிப் பாருங்க. பின்னாடி கட்டம் போட்ட சட்டை ஒருத்தர் இருக்காரே, அவர் ஆரப்பாளையத்துலயே ஏறினாரா, நடுவுலயா? மடியில குழந்தை தூங்குதா? சரி, சரி. குழந்தையோட வரமாட்டாங்க.

யாரா? சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாததுதான். ஆனா நீங்க யாரோ, நான் யாரோ. பஸ்ஸை விட்டு இறங்கினா நீங்க என்னை மறந்துருவீங்க.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. பேரு வேணாம். அவளைக் கட்டிக் கொடுத்த இடம் சரியில்ல. குடிகாரனா இருந்தாலாவது தெளிஞ்ச நேரத்துல மனுஷனா இருப்பான்னு சொல்லலாம். இவன் காபிகூடக் குடிக்க மாட்டான். உக்கார வச்சு, நிதானமா, கேள்வி கேட்டுக் கேட்டு அடிப்பான். பெரியவங்க கூடிக் கூடிச் சமாதானம் பேசி அனுப்பி வச்சாங்க. கடைசியில வலது கையை முறுக்கிட்டான். மணிக்கட்டு இன்னைக்கு வரைக்கும் கோணல்தான். எழுதணும்னா நோட்டைப் படுக்கப் போட்டுத்தான் அவளால எழுத முடியும், பாத்தா வயித்தெரிச்சலா இருக்கும். அன்னைக்குத்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். 'எந்த ஊருக்குப் போனாலும் தேடி வந்து முடிப்பேன்'னு வாசல்ல நின்னு சொன்னான். கத்தலம்மா. சாதாரணமாச் சொன்னான். அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தூக்கத்துல கேக்குது.

இந்தப் பக்கம் கொண்டாந்து வச்சேன். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. பேரை மாத்தியாச்சு, நம்பரை மாத்தியாச்சு, பொட்டையும் எடுக்கச் சொன்னேன், ஏன்னா எதிர்லயே சர்ச்சு, அந்தத் தெருவுல எல்லாரும் அவங்க ஆளுங்கதான். கும்பலோட கும்பலா இருக்கட்டுமேன்னு. உலகத்துல எனக்கு மட்டும்தான் அவ இடம் தெரியும். 'அக்கா, நீ ஒருத்திதான்'னு அவ அடிக்கடி சொல்லுவா. நான் ஒருத்திதான்.

வேர்க்கடலை வேணாம்மா. நீங்க சாப்பிடுங்க.

எங்க டீம்ல ஒரு வழக்கம் உண்டு. புது ஜார் பண்ணினா, அடுத்தவங்க விவரத்தைப் போட்டு அரைச்சுப் பாக்கக் கூடாது. ஊரான் நம்பரைத் தொடறது பாவம். சொந்த வீட்டு ஆளுங்க விவரத்தைப் போட்டுத்தான் சோதிக்கணும். சுட்டா நம்ம கை சுடட்டும்னு. நல்ல வழக்கம்தானே? ஜாரை வெளியிடறப்போ, சோதிச்ச மாதிரியையும், அதாவது எந்த விவரத்தைப் போட்டு அரைச்சோமோ அதையும், கூடவே வைப்போம். வாங்கறவங்க அதை ஓட்டிப் பாத்து, ஜார் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. வைக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற ஆளை அடையாளம் தெரியாம மறைச்சிரணும். அவ்வளவுதான்.

நான் ஒரு ஜார் பண்ணினேம்மா. சேர்ப்பு ஜார். என் வாழ்க்கையிலயே நான் பண்ணின உருப்படியான காரியம் அதுதான். ஒரு கசிவுல ஒரு துணுக்கு இருக்கும், இன்னொரு கசிவுல இன்னொரு துணுக்கு இருக்கும். தனித்தனியாப் பாத்தா குப்பை. என் ஜார் ரெண்டையும் மோந்து பாத்து, இது ரெண்டும் ஒரே ஆள்னு சொல்லும். பேரு வேறயா இருந்தாலும் சொல்லும். அதை யாரை வச்சுச் சோதிக்கறதுன்னு யோசிச்சேன். என் தங்கச்சியை வச்சேன். வேணும்னேதாம்மா வச்சேன். அவ ஒளிஞ்சிருக்கிற இடம் பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்ல?

ஓட்டின வேகத்துல கண்டுபிடிச்சிருச்சு.

எப்படின்னு நினைக்கறீங்க? போன்ல பாஸ்வேர்டு கேக்குமே, ரகசியச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடி கோவில்பட்டியில ஒரு கடையில அவ போட்ட பாஸ்வேர்டையே, இங்க வந்தப்புறம் துணி வாங்கற ஏதோ ஒரு இடத்துலயும் போட்டிருக்கா. பேரை மாத்தினா, ஊரை மாத்தினா, அதை மாத்தல. வெள்ளச்சி. சின்ன வயசுல நாங்க வளத்த ஆடு. அந்த ஆட்டுக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டே என் ஜார் கோவில்பட்டியிலேர்ந்து இவ வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு.

பொய் சொல்லல, முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். அப்புறம்தான் உறைச்சுது, என் ஜாரால முடிஞ்சா இன்னொருத்தனாலயும் முடியும்னு.

இப்போ எல்லாத்துக்கும் காரணம் ஜெயசீலன். எங்ககூட வேலை பாக்கிற பையன், வெளியீடு அவன் பொறுப்பு. 'மேடம், மாதிரியில ஆளை மறைச்சாச்சா?'ன்னு கேட்டான். ஆச்சுன்னேன். மறைச்சுத்தான் இருந்தேன்! பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் எடுத்துட்டு நட்சத்திரக் குறி போட்டிருந்தேன். பேரு இல்லன்னா ஆள் எப்படித் தெரியும்? விலாசத்துல அடையாளம்னு ஒரு வரி இருந்துச்சு, 'மில்லுக்கு மேல, திராட்சைத் தோட்டம் போற வழி'ன்னு. அதை விட்டுட்டேன். அது என்ன, ஊர்ல எத்தனையோ மில்லு, எத்தனையோ தோட்டம். அவன் ஒரு தடவை திறந்து பாத்திருக்க வேணாமா? என் வார்த்தையை நம்பி அப்படியே தூக்கி வெளிய வச்சுட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்புங்கிறதே கிடையாது.

கணவாய் வந்துருச்சா? காத்து நல்லா வருது. அம்மா, உங்க போனைக் கொஞ்சம் கொடுக்கறீங்களா? என்னோடதை மதுரையிலயே அணைச்சுட்டேன். போன் உசிரோட இருந்தா நாம எங்க போறோம்னு கண்டுபிடிச்சுருவாங்க. ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பாக்கறேன்.

அடிக்குது... எடுக்கல. புது நம்பர்னா எடுக்காதேன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்நேரம் பிள்ளைங்க வந்திருக்கும், இந்தி சொல்லிக் கொடுத்திட்டிருப்பா. கீழ மெஷின் ஓடினா பக்கத்துல இடி விழுந்தாலும் அவளுக்குக் கேக்காது. மிளகாய் அரைக்கற நாள்ல அவளும் பிள்ளைங்களும் மாடியில தும்மிக்கிட்டே பாடம் நடத்துவாங்களாம். சொல்லிச் சிரிப்பா. அவ சிரிச்சு நான் கேட்டது இந்த ஊருக்கு வந்தப்புறம்தாம்மா.

அந்தக் கட்டச் சட்டை ஆண்டிப்பட்டியில இறங்கிட்டாரு, பாத்தீங்களா? அப்பாடா. பாவம், குழந்தைக்குக் காய்ச்சல் போல. நான்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.

என்னது இது? பன்னீர்த் திராட்சையா? ஐயோ, வேணாம்மா. உங்க அன்புக்கு நன்றி, ஆனா இந்தப் பழத்தைப் பாத்தாலே எனக்கு இப்போ பயமா இருக்கு. தீபாவளிக்கு இதைத்தான் பெட்டி பெட்டியா அனுப்பி வச்சா, பாவி. தோட்டத்துக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க அவகிட்ட படிக்குதாம், ஆசையாக் கொடுத்தாங்களாம். நான் ஒருத்தி எவ்வளவு சாப்பிடுவேன்? சித்தப்பா வீடு, மாமா வீடுன்னு எல்லாருக்கும் பெட்டியோட கொடுத்தேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. மூச்சு விடல நான். பெட்டி மேல தோட்டத்துப் பேரு, ஊர் பேரு எல்லாம் அச்சடிச்சுத்தான் இருக்கும். அதை யாரு படிக்கறா? பழத்தைத் தின்னுட்டு அட்டையைத் தூக்கிப் போடுவாங்க. மாமா வீட்டுக்கு அவன் போக வர இருக்கிறவன்தான், இருந்தா என்ன?

முந்தாநாள் அவன் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். அவ்வளவு நாளா ஒரு பேச்சு இல்ல, திடீர்னு. 'அக்கா, நல்லாருக்கீங்களா? திராட்சையைத் தோட்டத்துலயே போய்ப் பறிச்சுச் சாப்பிடணும்னு ஆசை. கிளம்பறேன். உங்க தங்கச்சிக்கு என்ன வாங்கிட்டுப் போகட்டும்?' அவ்வளவுதான். அதே சாதாரணக் குரல்.

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தோட்டம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? திராட்சைன்னு எப்படித் தெரியும்? எங்க மாதிரியிலதானே அந்த வரி இருக்கு! எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஜாரை இறக்கி ஓட்டியிருக்கான், அவன் மூலமா இவன் கைக்குப் போயிருக்கு. ஜெயசீலனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் உடனே அந்த ஜாரைத் திரும்ப எடுத்துட்டான். ஆனா போனது போனதுதானே? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்? 'மேடம், இதுவரைக்கும் ஒருத்தருமே இறக்கலியே, பதிவுல காட்டுதே'ன்னு சமாதானம் சொல்றான். பொய்! அவன் தலையைக் காப்பாத்திக்கப் பொய் சொல்றான். இல்லன்னா இவனுக்கு யார் சொன்னா? சொல்றதுக்கு உலகத்துல வேற யார் இருக்கா?

அதான் இப்படி விழுந்தடிச்சு ஓடி வர்றேன். இன்னைக்கே அவளைக் கிளப்பிக் கேரளாப் பக்கம் கொண்டு போயிரணும். மலை ஏறி இறங்கினா வேற மாநிலம். அவன் வர்றதுக்குள்ள நான் போயிரணும். அவன் முந்திட்டான்னா... இல்ல, முந்தியிருக்க மாட்டான். முந்தியிருந்தா அவ போன் அடிக்கவே அடிக்காதே? அடிச்சுச்சே. நீங்களும் கேட்டீங்கல்ல, அடிச்சுச்சு.

சின்னமனூர் தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச தூரம்தான்.

என்னம்மா? யாரு? நீங்க என்ன சொல்றீங்க?

நான் பேர் சொல்லலியே. இவ்வளவு நேரம் பேசினேன், பேரை மட்டும் சொல்லவே இல்லியே! ரூபான்னு உங்களுக்கு யார் சொன்னது?

ரூபா டீச்சரா... சர்ச்சுக்கு எதிர்த்தாப்ல, செவத்தியார் மில்லு மாடி. நோட்டைப் படுக்கப் போட்டு எழுதுமே அந்தப் பிள்ளையான்னு கேக்கறீங்க. நீங்க அந்தத் தெருவுக்குச் சேலை விக்கப் போவீங்களா? வாராவாரமா? அதுக்கு நீலக் கலர்தான் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

இல்லம்மா. அது வேற யாரோ. நான் சொன்னது இந்தப் பக்கமே இல்ல. எனக்குத் தங்கச்சியே கிடையாது, சும்மா நேரம் போகலன்னு ஒரு கதை சொன்னேன். சிரிக்காதீங்கம்மா. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க.

கூட வர்றீங்களா? மூட்டையை இறக்கி வச்சுட்டு, வீடு வரைக்கும் கொண்டு வந்து விடறீங்களா? வேணாம்மா. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுது. வேணாம்.

என்ன, ஒருத்தர் வந்து விசாரிச்சாரா? எப்போ?

போன வாரமா. இதே பஸ்லயா. உங்க பக்கத்துல உக்காந்து... எப்படி இருந்தாரு? நிறமா, உசரமா, மரியாதையாப் பேசினாரா. டீ வாங்கிக் கொடுத்தப்போ, தான் மட்டும் காபி, டீ தொடறதில்லன்னு சொன்னாரா.

கையில என்ன வச்சிருந்தாரு? சொல்லுங்கம்மா. திரும்பச் சொல்லுங்க.

திராட்சைப் பெட்டி அட்டை. கிழிச்சு மடிச்சுப் பையில வச்சிருந்தாரா.

தோட்டத்துப் பேரும் ஊர் பேரும் மட்டும்தான் அதுல இருந்துச்சு. சுத்துப்பட்டுல எந்தத் தெரு, எந்த வீடுன்னு தெரியாம, வீடு வீடாப் போறவங்கன்னு உங்ககிட்ட விசாரிச்சிருக்காரு. கோவில்பட்டிப் பக்கத்துலேர்ந்து புதுசா வந்த பொண்ணு யாராவது உண்டான்னு. உங்களுக்குத் தெரியல. ரூபாவுக்குக் கோவில்பட்டின்னு அப்போ உங்களுக்குத் தெரியாது. நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. அவன் திரும்பிப் போயிட்டான்.

போயி, எனக்குச் செய்தி அனுப்பியிருக்கான். கிளம்பறேன்னு. அவனுக்கு இடம் தெரியலம்மா. தெரிஞ்சவளை ஓட விட்டா, அவ நேரா அங்கதான் ஓடுவான்னு மட்டும் தெரிஞ்சிருக்கு.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, வெளியேர்ந்து என் முகம் தெரியும்.

நம்பர் கொடுத்துட்டுப் போனாரா? ஏதாவது தெரிஞ்சா கூப்பிடுங்கன்னு? எங்க, காட்டுங்க. உங்க போன்லயே பதிஞ்சு வச்சிருக்கீங்களா. இது அவன் நம்பர்தான். அதுக்கு மேல இருக்கிறது, இப்போ நான் உங்க போன்லேர்ந்து கூப்பிட்டது... அது அவ நம்பர். ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்குதும்மா ரெண்டும். இதுக்கு நான் ஜாரே பண்ணியிருக்க வேணாம்.

அழிச்சிருங்க. ரெண்டையும் அழிச்சிருங்க, நான் காட்டித் தர்றேன். உங்களுக்கு அவர் மேல கோவம் எதுவும் இல்ல, தெரியும். நல்லாப் பேசினாரு, டீ வாங்கிக் கொடுத்தாரு. எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா பேசுவான்.

யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு உங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போனாரா? நீங்களும் சத்தியம் பண்ணீங்களா?

ஆனா என்கிட்ட சொல்லிட்டீங்களே.

இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. எனக்கு நல்லதுதான் பண்ணீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறேன். ஸ்டாப் வருது, நான் இறங்கணும். நான் பேசினது எதையும் நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்டுலகூட. அவர் திரும்ப உங்க பக்கத்துல வந்து உக்காந்தாலும் சொல்லக் கூடாது.

என்ன சொன்னீங்க?

உங்க வாயிலேர்ந்து ஒரு சொல்லு வெளிய போகாதா.

அதைத்தாம்மா நானும் சொன்னேன். மதுரையில ஏறி உக்காந்ததும், உங்ககிட்ட அதைத்தான் சொன்னேன்.